பாடகர் குழுக் கணக்கு எழுதும் பெண்ணுக்கு எந்தக் கல்லூரி?

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கம், தமிழ் வழியில் படித்தவள். கணவரின் வேலைக்காக ருவாண்டா வந்து சில வருடங்களாகக் கிகாலியில் இருக்கிறோம். நானும் இங்கே ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் சமையல் செய்யும் அம்மாவின் மகளுக்கு 20 வயது. நம் ஊர் பிளஸ் டூவுக்குச் சமமான எஸ்6 முடித்துவிட்டாள், கணக்கு, பொருளாதாரம், புவியியல் பிரிவு. இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, ருவாண்டா பல்கலைக்கழகத்தின் ருகாரா வளாகத்தில் ஆசிரியர் பட்டப்படிப்பு, அரசுக் கடனோடு. இன்னொன்று, கிகாலியிலேயே பெண்களுக்கான ஒரு தனியார் கல்லூரியில் மூன்று வருட வணிக மேலாண்மை டிப்ளமோ. நாளைய பெண் தலைவர்களை உருவாக்குவதாக விளம்பரம் செய்கிறார்கள். கட்டணத்தை நான் கட்டுகிறேன், எங்கள் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும் என்றும் சொல்லிவிட்டேன். ஆனால் எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டு "உங்கள் விருப்பம் மேடம்" என்கிறாள். ஆங்கிலம் எழுதுவாள், பேச்சு வராது. இப்படிப்பட்ட பெண்ணுக்குத் தலைமைப் பயிற்சியெல்லாம் ஒத்துவருமா? எதில் சேர்க்கலாம்? (சர்ச்சில் பாடகர் குழுவின் பணக் கணக்கை அவள்தான் பார்க்கிறாளாம். வீட்டில் பார்த்தால் நம்பவே முடியாது.)

பதில்:

நீங்கள் போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் போட்ட அந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் கல்லூரி மாணவிகளுக்கு வேலைக்கான பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ருவாண்டாவின் சர்ச் பாடகர் குழுக்களை, அங்கே கோராலி என்பார்கள், நிறையப் பார்த்திருக்கிறேன். பொழுதுபோக்குக்காகப் பாடுகிற கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சீருடைத் துணி எடுக்க வேண்டும், தையல்காரருக்கு முன்பணம் தர வேண்டும், வேறு ஊர் சர்ச்சுக்குப் பாடப் போனால் பஸ் பிடிக்க வேண்டும், உறுப்பினர் வீட்டில் கல்யாணமோ சாவோ வந்தால் அதற்கும் எல்லோரிடமும் வசூலிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பார்க்கிறவர் தன்னைவிட இருபது வயது மூத்தவரிடம் போய் "உங்கள் பாக்கி இன்னும் வரவில்லை" என்று அவர் முகம் சுளிக்காதபடி கேட்டு வாங்க வேண்டும், பிறகு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று வரவு செலவு வாசிக்க வேண்டும், யாராவது சந்தேகமாக ஒரு கேள்வி கேட்டால் நோட்டைத் திறந்து காட்ட வேண்டும். இதை உங்கள் வீட்டில் தலைகுனிந்து நிற்கிற அதே பெண்தான் செய்துகொண்டிருக்கிறாள். ஒத்துவருமா என்று கேட்டீர்களே, ஏற்கெனவே வந்துவிட்டது.

அப்புறம் ஏன் உங்களிடம் பேசுவதில்லை? அவள் அம்மாவின் சம்பளம் உங்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஏன், நல்லவராக இருப்பதாலேயே கூட, "எனக்கு இது வேண்டாம்" என்று உங்கள் முகத்துக்கு நேராக அவளால் சொல்ல முடியாது. "உங்கள் விருப்பம் மேடம்" என்பதை அவளுடைய விருப்பமாக எடுத்துக்கொண்டு எந்தப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள்.

வேறு வழியில் கேளுங்கள். உங்கள் வீட்டில் வேண்டாம், அம்மா பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். பாடகர் குழுவில் அவள் மதிக்கிற ஒரு அக்கா, அல்லது உங்கள் அலுவலகத்தில் சமீபத்தில் கல்லூரி முடித்து வந்த ஒரு ருவாண்டாப் பெண், இவர்களில் ஒருவர் அவளுடைய தாய்மொழியான கிஞார்வாண்டாவில், ஒரு ஃபாண்டா வாங்கிக் கொடுத்துச் சாவகாசமாகப் பேசட்டும். பணம் கட்டுவது யார் என்ற பேச்சே எடுக்காமல், ஐந்து வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமைக் காலையில் எங்கே இருக்க ஆசை என்று கேட்டாலே போதும். வகுப்பறை என்று சொன்னால் ஒரு வழி, வங்கி என்றோ சொந்தக் கடை என்றோ சொன்னால் வேறு வழி. இரண்டு வளாகங்களையும் அவள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது இன்னும் நல்லது. ருகாரா கயோன்ஸா மாவட்டத்தில்தானே, காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

சரி, இந்தத் தலைமைப் பயிற்சிக் கல்லூரிகள். விளம்பரத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது நியாயம்தான், ஆனால் முழுக்கக் காற்றடைத்த பையும் இல்லை. இவை முளைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2008-ல் ருவாண்டா அரசு பயிற்று மொழியைப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற முடிவு செய்தது. பிரெஞ்சில் படித்து வந்த ஆசிரியர்களே திடீரென்று ஆங்கிலத்தில் பாடம் நடத்த வேண்டிய நிலை. பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலை வைத்துக்கொண்டு, விளக்கத்தைக் கிஞார்வாண்டாவில் கேட்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதித் தேர்ச்சி பெற்றார்கள். எழுதுவாள், பேச்சு வராது என்கிறீர்களே, அது அந்தத் தலைமுறைக்கே உள்ள சங்கடம். தஞ்சாவூரிலிருந்து தமிழ் வழியில் படித்துவிட்டு நீங்கள் முதல் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த இடைவெளியைக் குறிவைத்துத்தான் 2010-ல் கிகாலியில் பெண்களுக்கு மட்டுமாக அகிலா நிறுவனம் தொடங்கியது. குடும்பத்திலேயே முதல் முறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பெண்கள் அங்கே நிறைய. ஆங்கிலம், கணினி, மேடைப் பேச்சு, தன் கருத்தை மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து எடுத்துச் சொல்வது, இவற்றில் அடித்தளம் போட்டுவிட்டு, வணிகம், ஹோட்டல் நிர்வாகம், தகவல் தொழில்நுட்பம் என்று டிப்ளமோவுக்குள் அழைத்துப் போனார்கள். 2013-ல் கெப்ளர் வந்தது. அமெரிக்காவின் சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பட்டத்தைக் கிகாலியில் நேரடி வகுப்போடும் வேலைப் பயிற்சியோடும் சேர்த்துக் கொடுத்தது, பின்னால் கிசிபா அகதி முகாமிலும் வகுப்பு தொடங்கியது. மொரிஷியஸில் 2015-ல் ஆரம்பித்த ஆப்பிரிக்கன் லீடர்ஷிப் பல்கலைக்கழகம் 2017-ல் கிகாலிக்கும் வந்து சேர்ந்தது. பெயரிலேயே தலைமை.

அந்த நாட்டில் பெண், தலைமை என்ற பேச்சு சும்மா வந்ததும் இல்லை. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்களைப் பெண்கள்தான் தனியாக நின்று தாங்கினார்கள். அப்போது கணவனோ அப்பாவோ விட்டுப்போன நிலத்தில் அவர்களுக்குச் சட்டப்படி பிடிமானமே இல்லை. 1999-ல்தான் மகளுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. 2003 அரசியலமைப்பு, முடிவெடுக்கும் அமைப்புகளில் குறைந்தது 30 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்றது. 2008 தேர்தலில் நாடாளுமன்றக் கீழவையில் பெண்கள் பாதிக்கு மேல் வந்தார்கள், உலகிலேயே அதுதான் முதல் முறை. 80 இடங்களில் 24 பெண்களுக்கே ஒதுக்கப்பட்டவை, அவற்றுக்கான தேர்தலில் தேசியப் பெண்கள் மன்றத்தின் உள்ளூர்க் கிளைகளில் இருப்பவர்களுக்கு வாக்கு உண்டு. அந்த மன்றம் உமுதுகுது என்கிற கிராம மட்டம் வரை வேர் விட்டிருக்கிறது. அதாவது, உங்கள் தெருவிலேயே ஏணியின் முதல் படி இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு 20 வயதாகிவிட்டதால் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஊரே சேர்ந்து செய்கிற பொதுவேலையான உமுகாண்டாவுக்கு அவளும் போகத்தான் வேண்டும். புல் வெட்டி, வாய்க்கால் சுத்தம் செய்து முடித்த பிறகு உட்கார்ந்து பேசுகிற கூட்டத்தில் யார் பேசுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று அவளைக் கவனிக்கச் சொல்லுங்கள். கட்டணமில்லாத தலைமை வகுப்பு அது.

ஆனால் நாடாளுமன்றத்தில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள் என்பதற்காக வேலைச் சந்தையில் ஒரு டிப்ளமோக்காரிக்குக் கதவு தானாகத் திறந்துவிடாது. கல்லூரி விளம்பரங்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்புகின்றன, எனக்கு எரிச்சல் அங்கேதான்.

நீங்கள் அங்கே வேலை பார்ப்பவர், வேலை விளம்பரங்களில் ஏ0, ஏ1, ஏ2 என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எஸ்6 முடித்தவர் ஏ2, டிப்ளமோ ஏ1, இளங்கலைப் பட்டம் ஏ0. அரசு வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கும் வங்கிகளில் கொஞ்சம் மேலே உள்ள இடங்களுக்கும் ஏ0 கேட்கிறார்கள். எவ்வளவு தைரியமாகப் பேசினாலும் அந்த எழுத்தும் எண்ணும் பொருந்தவில்லை என்றால் விண்ணப்பம் முதல் சலிப்பிலேயே கீழே விழுந்துவிடும். எனவே அந்தத் தனியார் கல்லூரியிடம் முதலில் கேட்க வேண்டியது தலைமையைப் பற்றி இல்லை. இந்த டிப்ளமோவை முடித்தவர்கள் ஏ0-வுக்கு எங்கே போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பாடங்களை அங்கே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், இன்னும் எத்தனை வருடம் படிக்க வேண்டியிருந்தது? இதற்கு நேரான பதில் வராவிட்டால் நான் அந்த இடத்துக்குப் பணம் கட்டமாட்டேன். உயர்கல்வி மன்றத்தின் அங்கீகாரம் கல்லூரிக்கு மட்டும் இருந்தால் போதாது, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். 2020-ல் சில தனியார் கல்லூரிகளை அரசு மூடியபோது நடுவில் மாட்டிக்கொண்ட மாணவர்கள் வேறு இடம் தேடி அலைய வேண்டியிருந்தது.

அடுத்தது ஸ்டாஜ். பிரெஞ்சு போனாலும் அந்த வார்த்தை போகவில்லை, வேலைப் பழகுநர் பயிற்சியை இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். நிறையக் கல்லூரிகள் மாணவி கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து, நீயே போய் இடம் தேடிக்கொள் என்று அனுப்பிவிடும். சொந்தக்காரர் யாராவது அலுவலகத்தில் இருப்பவளுக்கு இடம் கிடைக்கும், சமையல் வேலை செய்பவரின் மகள் ஏதோ ஒரு இடத்தில் இரண்டு மாதம் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவாள். நல்ல கல்லூரி என்றால் நிறுவனத்தோடு தானே பேசி வைத்திருக்கும், நடுவில் ஒருமுறை ஆசிரியர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கடைசி ஆண்டு மாணவிகள் இரண்டு பேரைக் கேண்டீனில் பிடித்து, எங்கே ஸ்டாஜ் போனாய், அங்கே உனக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்டால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். தலைமைப் பயிற்சி என்று அட்டவணையில் போட்டிருக்கிற வகுப்பில் அவர்கள் வாரம் எத்தனை முறை எழுந்து பேசுகிறார்கள் என்றும் கேட்கலாம். ஒருவர் படம் காட்டிப் பேச நாற்பது பேர் குறிப்பெடுக்கிற வகுப்பென்றால் அதற்கு யூடியூப் போதும்.

ஆசிரியர் படிப்பை நீங்கள் கொஞ்சம் இளப்பமாகப் பார்க்கிறீர்களோ என்று உங்கள் கடிதத்தின் தொனியில் பட்டது. அப்படியென்றால் மறுபடி யோசியுங்கள். அது ஏ0. 2022 ஆகஸ்டில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சம்பளத்தை 88 சதவீதமும் பட்டம், டிப்ளமோ முடித்தவர்களுடையதை 40 சதவீதமும் உயர்த்தினார்கள். ஆசிரியர்களுக்கென்றே உம்வாலிமு சாக்கோ என்று கடன் சங்கம் இருக்கிறது. கணக்கும் பொருளாதாரமும் தெரிந்த ஒரு பெண், மாவட்டப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தி, சில வருடங்களில் படிப்புப் பொறுப்பாளர், பிறகு தலைமையாசிரியை என்று போகலாம், அதுவும் தலைமைதானே. படித்த படிப்பு ஆளைக் கட்டிப் போட்டுவிடும் என்றும் பயப்பட வேண்டாம். 2022 ஜனவரியில் ஆண்கள் ஆப்பிரிக்கக் கோப்பையில் நடுவராக விசில் ஊதிய முதல் பெண் சலிமா முகன்சாங்கா ருவாண்டாக்காரர்தான், அவர் படித்தது செவிலியர் படிப்பு. இன்னொன்று, அரசு இடத்தை இப்போது விட்டால் அந்தக் கடனும் கூடவே போகும். அடுத்த வருடம் மறுபடி கிடைக்கும் என்று எண்ணி விடாதீர்கள்.

இனி உங்கள் வீட்டு விஷயம். இதைக் கறாராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளை உங்கள் வீட்டில் தங்க வைக்காதீர்கள். இரண்டே மாதத்தில் என்ன நடக்கும் என்றால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத நாளில் இவள் பாத்திரம் கழுவுவாள், விருந்தாளி வந்தால் காய் நறுக்குவாள், உங்கள் பிள்ளைக்குப் பரீட்சை என்றால் பக்கத்தில் உட்காருவாள். நீங்கள் கேட்கவே வேண்டாம், கட்டணம் கட்டுகிறார்களே என்று அவளே செய்வாள். வகுப்புத் தோழிகள் சேர்ந்து படிக்கிற நேரத்தில் இவள் உங்கள் சமையலறையில் இருப்பாள். கிகாலிக் கல்லூரி என்றால் ரெமேராவிலோ கிமிரோன்கோவிலோ இரண்டு மூன்று மாணவிகள் சேர்ந்து ஒரு அறை எடுத்துத் தங்கட்டும். வாடகையில் பங்கு கொடுப்பது, உருளைக்கிழங்கும் பீன்ஸும் வாங்கி வாரக் கணக்குப் போடுவது, மோட்டோ என்கிற பைக் டாக்சிக்குக் காசு போதாத நாளில் பஸ்ஸுக்குக் காத்திருப்பது, இதையெல்லாம் அவள் தானே சமாளித்துப் பழகுவது எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கிடைக்காது.

பணத்தை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பருவத்துக்குப் பருவம் கல்லூரியின் வங்கிக் கணக்கில் நேரடியாகக் கட்டிவிடுங்கள். கைச்செலவை மாதம் ஒரே தேதியில், ஒரே தொகையாக, அவள் பெயரில் உள்ள மொபைல் பணக் கணக்குக்கு மோமோ செய்துவிடுங்கள், எதற்குச் செலவழித்தாய் என்று கேட்க வேண்டாம், பாடகர் குழுவையே கணக்குப் பார்க்கிறவள் அவள். அம்மா நாளைக்கே உங்கள் வேலையை விட்டுவிட்டுப் போனாலும், அல்லது நீங்கள் குடும்பத்தோடு இந்தியா திரும்பினாலும், படிப்பு முடியும் வரை கட்டணம் நிற்காது என்று அம்மா, மகள் இருவரிடமும் வாயால் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். அப்படி எழுதிக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் மூன்று வருடத்துக்கு வாக்குக் கொடுக்காமல், ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்து வாழ்த்தி அனுப்புங்கள், அதுவே பெரிய உதவி.

எதில் சேர்க்கலாம் என்று நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். வகுப்பறையில் நிற்க அவளுக்குக் கொஞ்சமாவது ஆசை இருந்தால் ருகாராதான். அரசுக் கடன் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும். மாணவர்கள் புருசே என்று சொல்கிற அந்த மாதப் படி கைக்கும் வாய்க்கும் எட்டாது, உங்கள் பணம் அங்கே உதவட்டும். ஆசையே இல்லை, கணக்கும் வியாபாரமும்தான் என்றால் டிப்ளமோவில் சேரட்டும், ஆனால் ஏ0-வுக்கு வழி உண்டு என்பது உறுதியான பிறகு.

எதில் சேர்ந்தாலும் நீங்கள் அவளுக்குக் கொடுக்கக்கூடிய இன்னொன்று இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அது உங்கள் கண்ணிலேயே படவில்லை. நீங்கள் ஒரு கணக்காளர். ருவாண்டாவின் கணக்காளர் அமைப்பான ஐசிபிஏஆர் நடத்தும் தேர்வுகளில் முழுக் கணக்காளர் தகுதியான சிபிஏவுக்குக் கீழே சிஏடி என்று கணக்கு உதவியாளர்களுக்கான படி ஒன்று உண்டு, பட்டம் இல்லாதவர்களும் அதைத் தொடங்கலாம். கல்லூரிப் படிப்போடு பக்கத்திலேயே ஒவ்வொரு தாளாக எழுதி வரலாம். நாட்டில் மாவட்டத்துக்குக் கீழே செக்டர் என்கிற நிர்வாகப் பிரிவுகள் 416, செக்டருக்கு ஒன்று என்று 2009 முதல் உமுரெங்கே சாக்கோ என்ற சேமிப்புக் கடன் சங்கங்களைத் திறந்தார்கள். ஒவ்வொன்றிலும் கணக்கு எழுத ஆள் வேண்டும், கடன் கேட்டு வரும் விவசாயியின் முகம் பார்த்துப் பேச ஆள் வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. விடுமுறையில் உங்கள் நிறுவனத்தின் அனுமதியோடு மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் வாரத்தில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, வங்கிக் கணக்கும் நம் கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடச் சொல்லுங்கள். தவறைக் கண்டுபிடித்துவிட்டு மேலாளரிடம் அவளே போய்ச் சொல்லட்டும்.

அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை போகிற சேமிப்புக் குழு, இகிமினா, ஏதாவது உண்டா என்றும் விசாரியுங்கள். அநேகமாக இருக்கும். பல குழுக்களில் மூன்று பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி ஒன்று நடுவில் இருக்கும், சாவிகள் மூன்று பெண்களிடம், மூவரும் வந்தால்தான் திறக்கும். 1991-ல் நைஜர் நாட்டுப் பெண்களிடையே கேர் என்ற தொண்டு நிறுவனம் ஆரம்பித்த முறை அது, இன்று ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிவிட்டது. பணம் ஒருவர் கையில் மட்டும் இல்லாதபடி பார்த்துக்கொள்வதை உள் கட்டுப்பாடு என்று வணிக வகுப்பில் அரைநாள் நடத்துகிற பாடத்தை அந்த அம்மா வாராவாரம் செய்துகொண்டிருக்கிறார். முதல் பருவத்தில் ஒப்படைப்பு எழுதச் சொன்னால் இந்தப் பெட்டியைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் விஷயம் சொந்தமாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும், முதல் வருட மாணவிகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஏ0 பற்றியும் ஸ்டாஜ் பற்றியும் நான் மேலே சொன்ன கேள்விகளைத் தாளில் எழுதி அவளிடம் கொடுத்து, இரண்டு கல்லூரிகளுக்கும் அவளையே போன் செய்யச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். என்ன பதில் வந்தது, அதில் அவளுக்கு எது பிடித்தது என்று எனக்கு எழுதலாம். முடிந்தால் அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும், ஆங்கிலத்தில் பிழை இருந்தால் பரவாயில்லை, கிஞார்வாண்டாவில் எழுதினாலும் படிக்க ஆள் வைத்திருக்கிறேன்.